எவ அழுதா?

(சப்பிரகமுவத் தோட்டமொன்றின் வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கின்ற பெரியவர்களே, மாதர் சங்கத் தலைவி அம்மா அவர்களே, பால்வெட்டு முடித்து, குளித்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலை இறங்கி வந்திருக்கின்ற அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்வரிசையில் போன் வெளிச்சத்தில் முகம் தெரிகின்ற தம்பிமாரே!

இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு தோற்றுப்போன படத்தைப் பற்றி. நோட்டீசில் ‘செத்து எழும்பிய பட்டாளம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பேய்க்கதை என்று நினைத்து வந்தவர்களும் இருப்பீர்கள். இருங்கள், எழும்பிவிடாதீர்கள். காமன் வருவார். பொன்னரும் சங்கரும் வருவார்கள். ஒரு கிழவியும் வருவாள். அந்தக் கிழவி ஒரு கேள்வி கேட்டாள். இந்தப் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் தோட்டத்தில் கரண்ட் இருந்தது தொரை பங்களாவிலும் பெக்டரியிலும் மட்டும். கலியாண வீடு என்றால் டவுனிலிருந்து டீவியும் டெக்கும் வாடகைக்கு வரும். ஜெனரேட்டரும் கூடவே வரும். விடிய விடிய நாலு படம். முதலில் எம்.ஜி.ஆர்., பிறகு ரஜினி, பிறகு பெண்களுக்காக ஓர் அழுகைப் படம். விடியற்காலை மூன்று மணிக்கு, மாப்பிள்ளை பெண்ணே தூங்கிப்போன பிறகு, ‘இங்கிலீஷ் சண்டைப் படம்’. அப்படித்தான் எங்கள் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது ‘யுனிவர்சல் சோல்ஜர்’. 1992இல் ரோலண்ட் எமரிக் இயக்கிய படம். வான் டாம் ஒரு பக்கம், டொல்ப் லன்ட்கிரன் ஒரு பக்கம். இங்கிலீஷ் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அடி விழுந்தால் எல்லா மொழியிலும் ஒரே சத்தந்தானே!

கதையைச் சொல்லிவிடுகிறேன். 1969, வியட்நாம். ஒரு சார்ஜன்ட்டுக்குப் புத்தி பிசகிவிடுகிறது. செத்தவர்களின் காதை அறுத்து மாலையாகப் போட்டுக்கொள்கிறான். ஒரு கிராமத்தையே அழித்துவிட்டு, மிஞ்சியவர்களையும் கொல்லச் சொல்கிறான். லூக் என்ற சிப்பாய் மறுக்கிறான். ஊருக்குத் திரும்ப நாளை எண்ணிக்கொண்டிருந்த பையன். இருவரும் ஒருவரையொருவர் சுட்டு, இருவருமே சாகிறார்கள். இராணுவம் பிணங்களை ஐஸில் வைத்துக் கொண்டுபோகிறது. கணக்குப் புத்தகத்தில் ‘காணாமற்போனவர்’ என்று எழுதிவிடுகிறது. பல வருடம் கழித்து அந்தப் பிணங்களுக்கு உயிர் கொடுத்து, நினைவை மருந்தால் அழித்து, களத்தில் இறக்குகிறது. சண்டை முடிந்தால் மறுபடி குளிர்வண்டிக்குள். சூடேறினால் உடம்பு கெட்டுவிடுமாம்.

லயத்து வாசலில் விசில் பறக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் அப்பாயி, சாக்கை மடித்துப் போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தவள், திரும்பி என்னைக் கேட்டாள்:

“ஏன்டா, அவென எழுப்புனது யாரு?”

“கேணல் அப்பாயி. பட்டாளத்துப் பெரியவர்.”

“அது சரி. எவ அழுதா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செத்தவன் எழும்புவதற்கு எவள் எதற்கு அழ வேண்டும்? பேசாமல் படத்தைப் பார்க்கச் சொன்னேன். அந்தக் கேள்வியின் பெறுமதி விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது. நான் அப்பாயியை விடக் கொஞ்சம் படித்துவிட்டேன் அல்லவா, அதுதான் தாமதம்.

அன்பான தோழர்களே, அந்தப் படத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அது வேறு எந்த ஊர்க்காரனைவிடவும் நமக்குத்தான் உடனே விளங்கும். எழுப்பப்பட்ட சிப்பாய்க்குப் பெயர் கிடையாது. நம்பர்தான். லூக்குக்கு ஜீ.ஆர். 44. சார்ஜன்ட்டுக்கு ஜீ.ஆர். 13. காதில் கருவி. போ என்றால் போவான், நில் என்றால் நிற்பான். தண்ணிக்குள் இறங்கு என்றால் இறங்குவான்.

செக்ரோல் என்ற தோட்டக் கூலிப் பதிவில் நம்பரோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? தப்புச் சத்தம் கேட்டு எழும்பி, ஆள்கணக்கு எடுக்கின்ற பிரட்டுக் களத்தில் இருட்டில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஆனால் நம்மவர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். ஒரு நாள் கூலிக்கு ‘பேர்’ என்று பெயர் வைத்தார்கள். பாதி நாளுக்கு ‘அரைப்பேர்’. “இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?” என்று கேட்டார்கள். தோட்டம் நம்பர் கொடுத்தது, இவர்கள் கூலியையே பேர் என்றார்கள். அரைப்பேர் போட்டால் அது கூலிக் குறைவு மட்டுமா? ஆளையே பாதியாக்கிய அவமானம். வேலை வாங்குகின்ற கங்காணியோடு சண்டைக்குப் போனவர்கள் பேருக்காகத்தான் போனார்கள்.

அந்த நம்பர்க்காரன் லூக்குக்கு நினைவு திரும்புகிறது. ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணோடு தப்பி ஓடுகிறான். ஒரு சாப்பாட்டுக் கடையில் பசி தெரிந்து தட்டுத் தட்டாகச் சாப்பிடுகிறான். பார்த்துச் சிரித்தோம். ஆனால் உடம்புக்கு ருசி திரும்புகிற இடம் அது, சாதாரண சிரிப்புக் காட்சி இல்லை. பிறகு அவன் போவது எங்கே? வெள்ளை மாளிகைக்கா? பழிவாங்கவா? வீட்டுக்குப் போகிறான். லூசியானாவில் அப்பா அம்மா இருக்கின்ற பழைய பண்ணை வீட்டுக்கு. கதவு திறக்கிறது. அம்மாவும் அப்பாவும் கிழடாகிவிட்டார்கள். மகன் போன வயசிலேயே நிற்கிறான்.

அப்பாயி அந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இப்பத்தான்டா இவென் எழும்பியிருக்கான்” என்றாள்.

அதற்குப் பிறகு சார்ஜன்ட் அங்கேயும் வருகிறான், மழைக்குள் சண்டை, அறுவடை இயந்திரத்தில் அவன் முடிவு. அதெல்லாம் வழக்கம். அந்த வாசற்படி ஒன்றுக்காக அந்தப் படத்தை நான் இன்றைக்கும் மன்னிப்பேன்.

சரி, தோற்றுப்போன படம் எங்கே என்கிறீர்கள். வருகிறேன்.

1999ஆம் வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவில் தியேட்டருக்கு இரண்டாம் படம் வந்தது. ‘யுனிவர்சல் சோல்ஜர்: த ரிட்டர்ன்’. மறுபடி வான் டாம். இயக்கியவர் மிக் ரொஜர்ஸ், ஸ்டண்ட் வேலையில் பேர் எடுத்தவர், இயக்குநராக அவருக்கு இது முதல் படம். எங்களுக்கு அது சீ.டீ.யில் வந்தது. டவுனில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன். அவன் கொடுத்த சீ.டீ. நடுவில் நின்று நின்று ஓடியது. இரண்டாந்தரம் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழுது சீ.டீ.யில் மட்டும் இல்லை.

லூக் இப்போது உயிருள்ள மனிதன். ஒரு மகள் இருக்கிறாள். மனைவி செத்துவிட்டாள். வேலை? செத்த சிப்பாய்களை எழுப்புகின்ற அதே திட்டத்தில் ஆலோசகர்! பனிப்போர் முடிந்துவிட்டதால் அரசாங்கம் காசைக் குறைத்து, திட்டத்தை மூடப் பார்க்கிறது. அதை நடத்துகின்ற செத் என்ற கணினிக்குக் கோபம் வருகிறது. அது எழுப்பிய பட்டாளத்தைத் தன் கையில் எடுத்து, மைக்கல் ஜெய் வைட் உருவத்தில் தானும் ஓர் உடம்பு எடுத்துக்கொள்கிறது. கோல்ட்பெர்க் என்ற மல்யுத்தக்காரர் எத்தனை தரம் விழுந்தாலும் எழும்பி எழும்பி வருகிறார். கதை முடிந்தது. ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிணமாக ஐஸில் கிடந்தவன், பெயர் பிடுங்கப்பட்டவன், நினைவு அழிக்கப்பட்டவன், தப்பி ஓடி வீடு வந்து சேர்ந்தவன் ஒருவன். அவனே திரும்பிப் போய், இன்னும் நல்ல பிணங்களை எழுப்ப யோசனை சொல்கிறான். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் என்ன? கங்காணி ஆகிவிட்டான்! ஏன் ஆனான்? காசுக்கா, பயத்துக்கா, போனால் இன்னொரு பையனாவது உயிரோடு திரும்புவான் என்ற நினைப்பிலா? இதுவல்லவா கதை! கங்காணித் தலைப்பாகை கட்டிய நம் சொந்தக்காரர்களிடம் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோம். அவர்களில் சிலருக்கு நல்ல பதிலும் இருந்தது. படம் இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்த நேரம் போதாமல் போயிருக்கும்.

இன்னும் ஒன்று. செத்தவரை எழுப்புகின்ற கட்டடத்தில் வேலை செய்கின்ற ஒருவனுக்கு மனைவி செத்துவிட்டாள். அந்த மனிதனுக்கு ஒரு இரவாவது தூக்கம் கெட்டிருக்காதா? கை எட்டுகின்ற தூரத்தில் இயந்திரம் இருக்கிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்காதா? வேண்டாம், அவள் அப்படி வரக்கூடாது என்றாவது ஒரு முடிவு எடுத்திருக்க மாட்டானா? ஒன்றும் இல்லை. மகள் இருக்கிறாளே என்பீர்கள். இருக்கிறாள், எதிரி தூக்கிக்கொண்டு போவதற்காக இருக்கிறாள்.

அமெரிக்கத் திரையரங்குகளில் அந்தப் படத்தின் வசூல் ஒரு கோடி டாலரைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. வான் டாமின் படங்கள் அதன் பிறகு பல வருடம் பெரும்பாலும் வீடியோக் கடைக்கே நேராக வந்தன. சண்டை குறைவு என்று யாரும் குறை சொல்ல முடியாது. எழும்புகின்றவர்கள் யாருக்காகவும் எழும்பவில்லை, அதுதான் குறை. இரண்டாம் படம் வந்தபோது அப்பாயி இல்லை. இருந்திருந்தால் பாதியில் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்திருப்பாள்.

இனி நான் காமனிடம் வருகிறேன்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், கோயிலடியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவது உங்களுக்குத் தெரியும். காப்புக் கட்டுவது தெரியும். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், ரதி வருவாள். ரதியாக வருவது ஓர் ஆண்தான், ஆனாலும் அவர் அழும்போது உண்மையான பெண்கள் எல்லாம் அழுவார்கள். பௌர்ணமி இரவு தகனம். சிவன் நெற்றிக் கண்ணைத் திறக்க, கரும்பு வில்லோடு வந்தவன் சாம்பல். பிறகு? ரதி அழுகிறாள். சிவனோடு வழக்குப் பேசுகிறாள். என் புருசன் என்ன குற்றம் செய்தான், தேவர்கள் அனுப்பியதற்குப் போனானே, ஏவியவர்களை விட்டுவிட்டு ஏவப்பட்டவனை எரித்தாயே என்று கேட்கிறாள். மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பிக்கிறார்கள்.

ஏவப்பட்டவனை எரித்தாயே! எந்தப் பட்டாளத்துக்காரனின் பெண்சாதியும் கேட்கக்கூடிய கேள்வி.

எப்படி எழும்புகிறான் காமன்? உடம்பில்லாமல். அவன் பெயரே அனங்கன், அங்கம் இல்லாதவன். ரதி ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், வேறு யாருக்கும் தெரியமாட்டான். இப்போது இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பாருங்கள். அந்தப் படத்துச் சிப்பாய்க்கு உடம்பு வந்தது, ஆள் வரவில்லை. நம் காமனுக்கு ஆள் வந்தான், உடம்பு வரவில்லை. அழுதவளின் கண்ணுக்கு அவன் தெரிந்தால் போதும் என்று வைத்தார்களே, அந்தக் கற்பனைக்குப் பக்கத்தில் எத்தனை கோடி டாலர் கிராபிக்ஸ் வந்து நிற்கும்?

தஞ்சாவூர்ப் பக்கம் இதை வைத்து லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி. இரவு முழுக்க ஆதாரம் காட்டி வாதம். சாவு என்றால் என்ன, எழும்புவது என்றால் என்ன என்று விடிய விடிய வாதாடிய ஜனங்கள் நாம். நம்மிடம் கொண்டுவந்து ஒரு இயந்திரத்தைக் காட்டி, எழும்பிவிட்டான் பார் என்றால் நம்புவோமா?

அடுத்து, உண்மையிலேயே போர்க்களத்தில் எழும்பியவர்கள். பொன்னர் சங்கர்.

மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூர். திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் துணிமூட்டையோடு கொண்டுவந்த கதை. பேராசிரியர் பிரண்டா பெக் என்ற கனடாக்கார அம்மா 1965இல் கொங்கு நாட்டுக்கு வந்து, பாடகர்களை உட்காரவைத்து இதை முழுசாகப் பதிவு செய்தார். எங்கள் லயத்துக்குப் பதிவு செய்ய யாரும் வரவில்லை. பதிவு செய்யாவிட்டாலும் பாடினார்கள்.

அண்ணன்மார் பொன்னரும் சங்கரும் படுகளத்தில் சாய்கிறார்கள். தங்கை தங்காள் தேடி வருகிறாள். ஆயிரம் பிணத்துக்கு நடுவே அண்ணன்மாரைத் தேடுகிறாள். அந்த இடம் பாடும்போது பாட்டு வேகம் குறையும், தப்பு அடங்கும். பெரியகாண்டி அம்மனிடம் வரம் வாங்கி, தீர்த்தம் தெளித்து எழுப்புகிறாள். எழும்பிய அண்ணன்மார் என்ன செய்கிறார்கள்? விட்ட சண்டையைத் தொடர்கிறார்களா? எதிரியைத் துரத்துகிறார்களா? இல்லை. தங்கச்சியோடு பேசுகிறார்கள். எங்கள் காலம் முடிந்தது தங்கச்சி என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்! வீரப்பூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றைக்கும் படுகளத்தில் ஆட்கள் உயிரற்றவர்கள் போல விழுவார்கள், அருள் வந்தவர் தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்.

ஒரு தங்கை கொஞ்ச நேரம் பேசுவதற்காகச் சாவையே தள்ளி நிற்கச் சொன்ன கதை அது. இப்போது விளங்குகிறதா அப்பாயி ஏன் அப்படிக் கேட்டாள் என்று? எங்கள் தோட்டத்தில் தங்காள் பாட்டு முழுதாகத் தெரிந்தவர்களில் அவள் ஒருத்தி. அவளுடைய உலகத்தில் செத்தவன் சும்மா எழும்புவது கிடையாது. ஒருத்தி அழ வேண்டும். அழுதவளிடம்தான் அவன் எழும்பி வரவேண்டும்.

இதே பொன்னர் சங்கரை 2011இல் தமிழ்நாட்டில் படமாக எடுத்தார்கள். கலைஞர் கருணாநிதி எழுதிய நாவலை வைத்து, தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடம். அரண்மனையும் குதிரையும் நிறைய. எனக்கு அதில் மிஞ்சியது ஏமாற்றந்தான். நம் கோயிலடியில் பெட்ரோமக்ஸ் வெளிச்சத்தில் காக்கித் துணியைக் கவசமாகக் கட்டிக்கொண்டு சங்கர் விழும்போது வருகின்ற நடுக்கம் அந்த அரண்மனைக்குள் எனக்கு வரவில்லை. ஆகவே வெள்ளைக்காரன் மட்டும் தோற்றான் என்று யாரும் கைதட்ட வேண்டாம்.

சுக்கிராச்சாரியாரையும் மறந்துவிடக் கூடாது. செத்த அசுரப் படையை மந்திரத்தால் திரும்பத் திரும்ப எழுப்பியவர், அந்தக் காலத்துக் கேணல். அவர் எழுப்பிய அசுரச் சிப்பாய்களில் ஒருவன் பெயராவது நமக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் எழும்பிய கசனைத் தெரியும். ஏன்? தேவயானி அழுதாள். மகளின் அழுகையைப் பொறுக்காமல் எதிரிப் பக்கத்துப் பையனை எழுப்பினார். படையாக எழும்பியவர்களைக் கதை மறந்துவிட்டது, ஒருத்தி அழுது எழும்பியவனை வைத்துக்கொண்டது.

பெரியவர்களே, நான் சினிமாக் கதை பேசிவிட்டுப் போக வந்தவன் இல்லை. இந்த மலைகளில் செத்தும் காணாமலும் போனவர்களின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியக் கரைக்கு என்று காகிதத்தில் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் நம் கூத்து வாத்தியார்மார் எத்தனை பேர், தப்படித்தவர்கள் எத்தனை பேர், ரதி கட்டியவர்கள் எத்தனை பேர்? 1977 இனக்கலவரம் வந்தது. 1981 ஆகஸ்டில் மறுபடி வந்தது. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயம் எரிந்தது. இருந்ததை முடிந்துகொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். போன இடத்தில் யுத்தம் போய்ச் சேர்ந்தது. 2009 வரைக்கும் விடவில்லை. அந்தப் படத்தின் முதல் காட்சியில் பிணத்தை எடுத்துக்கொண்டு ‘காணாமற்போனவர்’ என்று எழுதுகிறார்களே, அந்த வார்த்தையை இந்த நாட்டில் எந்த இனத்துத் தாயிடமும் போய்ச் சொல்லிப் பாருங்கள். சிங்களத் தாயானாலும் தமிழ்த் தாயானாலும், முழுப் படத்தையும் அவள் அந்த ஒரு சொல்லிலேயே பார்த்துவிடுவாள்.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, எழும்பிய பட்டாளத்தைப் பற்றிய ஒரு படம் நன்றாக இல்லை என்று சொல்கின்ற உரிமை நமக்கு உண்டு. நமக்குத்தான் கூடுதலாக உண்டு.

தம்பிமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. சண்டைப் படம் பாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் பார்ப்பேன். ஆனால் இந்த வருடம் நம் காமன் கூத்தில் ஒரு கஷ்டம் இருக்கிறது. வீரபத்திரன் வேஷத்துக்கு ஏழு பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள். ரதிக்கு ஒருவரும் இல்லை. போன வருடம் ரதி கட்டியவருக்குத் தொண்டை போய்விட்டது. பாட்டு அவருக்கு முழுசாகத் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார், மேல் லயத்தில் கடைசிக் காம்பராவில்தான் இருக்கிறார். கையில் இருக்கின்ற போனில் பாட்டைப் பதிந்துகொள்ளுங்கள், ஆனால் பதிந்தால் மட்டும் போதாது, ஒருவராவது பாடப் பழக வேண்டும். வெட்கப்படாதீர்கள், புடவையும் வளையலும் மாதர் சங்கத்தில் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

மாசிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வாசலில் ஒத்திகை. தப்பு காய்ச்ச விறகு நான் கொண்டுவருகிறேன்.